நாலு தக்காளிச் செடி: கல்வராயன் மலையில் மூன்று நாள்

கல்வராயன் பதிவு எங்கே என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கொல்லிமலைக்குப் போய்வந்த இரண்டாம் நாளே எழுதித் தள்ளியவன் இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். சோம்பல் காரணமில்லை, வெட்கம்தான். வழி, செலவு, அருவி எல்லாவற்றையும் வழக்கம்போல் சொல்கிறேன். நடுவில் ஒரு குட்டை வரும். அதைத் தாண்டிப்போய்க் கடைசியில் இருக்கும் குறிப்புகளை மட்டும் படிக்க நினைப்பவர்கள் படிக்கலாம். நானும் அதைத் தாண்டிப் போகத்தான் பார்த்தேன், முடியவில்லை.

என் சொந்த ஊர் திருநாவலூருக்குப் பக்கம். வேலை சென்னையில். அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு மலையை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஊட்டிக்குப் போய் ஜன நெரிசலில் தேநீர் குடித்துவிட்டு வருகிறவன் நான். இந்த ஐப்பசியில்தான் புத்தி வந்தது. சனி, ஞாயிறோடு திங்கட்கிழமையும் விடுப்புப் போட்டுவிட்டு, அப்பாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொங்கல், வடை, காபி எழுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து கச்சிராயபாளையம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே நம்பிப் போகாதீர்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரண்டு இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வரும். முந்தாதீர்கள், அவர்களாக ஒதுங்கி வழிவிடுவார்கள். கோமுகி அணையில் பத்து நிமிடம் நின்றேன். காலையில் யாருமில்லை, நன்றாக இருந்தது.

அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைய, ஆனால் பயப்படும்படி இல்லை. வெள்ளிமலை போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால். விடுதியில் ஒரு இரவுக்கு எழுநூறு ரூபாய். வெந்நீர் வாளியில் தருவார்கள். பையை வைத்துவிட்டுப் பெரியார் அருவிக்குப் போனேன். சாலையோரத்திலேயே இருக்கிறது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. தண்ணீர் நன்றாக விழுந்தது. கரையில் கிடந்த பிளாஸ்டிக் தட்டுகளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. இந்த ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டேன். பொறுப்பைப் பற்றி நான் பேசியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் இன்னொரு அருவி இருப்பதாகவும், அதற்கு ஆள் துணையில்லாமல் போகக்கூடாது என்றும் தேநீர்க் கடையில் சொன்னார்கள். கடைக்காரர் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, "அங்க ராமாயின்னு கேளுங்க. அதும் பையன் முருகேசன் இட்டுக்கினு போவான்" என்றார். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பத்துப் பதினைந்து வீடுகள், மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையின் தமிழ் பேசும் மக்கள்). தார்ச்சாலை முடிந்த இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நடக்க வேண்டும்.

ராமாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முருகேசன் மறுநாள் காலையில் வருவதாக ஒப்புக்கொண்டார். கூலி ஐந்நூறு என்று அவரே சொன்னார், நான் பேரம் பேசவில்லை. மத்தியானம் ஆகிவிட்டதே என்று ராமாயி உட்காரச் சொல்லிவிட்டார். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. நல்ல பசி, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால் சரிவில் ஒரு பெரிய குழி தெரிந்தது. நீளவாக்கில் நன்றாக வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டிருந்தார்கள். அடியில் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர். அது என்ன என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்து ராமாயியே ஆரம்பித்தார்.

"கெவுருமெண்டு குட்டைங்க. நாளன்னிக்குத் திங்கக்கெழம ஆபீசரு வந்து எடத்தப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள வெட்டி முடிச்சுட்டோம்."

அதற்குப் பின்னால் இருந்த கதையை அவரும் முருகேசனும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மேலே பாறையிலிருந்து கசியும் தண்ணீர் மழைக்காலத்தில் ஓடையாக இறங்கி வீணாகக் கீழே போய்விடும். தை மாதம் பிறந்தால் சொட்டுக்கூட இருக்காது. பிறகு மலையில் வேலையும் கிடையாது. முருகேசனும் அவர் மனைவியும் மூன்றாவது படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். இப்படி அந்தப் பெண் ஒரு வருஷத்துப் படிப்பைக்கூட முழுசாகப் படித்ததில்லை. குட்டை இருந்தால் பங்குனி வரை தண்ணீர் நிற்கும். நாலைந்து வீடுகளாவது ஒரு பருவம் காய்கறி வைக்கலாம், வெளியூர் போக வேண்டாம். அரசு பணம் கொடுத்தால் கல் கட்டி, வாய்க்கால் எடுத்து ஒழுங்காகச் செய்யலாம்.

இதற்காக ராமாயி கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடையாக நடந்திருக்கிறார். ஊரில் வேறு யாருக்கும் பட்டா இல்லை. ராமாயிக்கு மட்டும் வன உரிமைப் பட்டா வந்திருந்தது. அது செல்லாது என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். செல்லும், ஆனால் வேறு அலுவலகத்தில் எழுதி வாங்கி வா என்று இன்னொரு இடத்தில் சொன்னார்கள். சரிவில் இருக்கும் நிலத்துக்கு, அது சமதளம்தான் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். கடைசியில் ஒரு புது அதிகாரி, வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள ஏங்க வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"வர்ற மனுசனுக்கு வெறும் நெலத்தக் காட்டினா, இவங்களுக்கு அக்கற இல்லன்னு நெனச்சுக்குவாருல்ல? வூட்டுக்கு ஒரு ஆளுன்னு எறங்கினோம். மிசினு வர வழியில்ல. ரெண்டு மாசம், எல்லாம் கைவேலைதான்" என்றார் முருகேசன்.

எனக்கு இந்த இடத்தில் ஒரு பெருமிதம் வந்தது. ஏனென்றால் இந்த விஷயம் எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் அரசாங்கப் பண்ணைக்குட்டை இருக்கிறது. அப்பா ஒரு கையெழுத்துப் போட்டதோடு சரி, மற்றதையெல்லாம் அவர்களே வந்து செய்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அந்தக் குட்டையில் எங்கள் வீட்டு வாத்துகள் குளிக்கின்றன. வேலை தொடங்குமுன் வெறும் நிலத்தைப் போட்டோ எடுத்தார்கள், முடிந்தபின் இன்னொரு போட்டோ எடுத்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் தோரணையில் பேசினேன்.

"அடடா, அப்படிச் செய்யக்கூடாதே அக்கா. மொதல்ல வெறும் நிலத்தைப் போட்டோ எடுப்பாங்க. குழி இருந்தா பழைய வேலைன்னு பணம் தரமாட்டாங்க."

என்னைப் பார்க்க வந்து சுற்றி நின்ற ஊர்க்காரர்களின் முகம் மாறியது. நான் கைபேசியை எடுத்து எதையோ தேடுவதுபோல் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படித்தான்" என்றேன். அங்கே சிக்னலே இல்லை.

"இப்ப இன்னாங்க பண்றது?" என்று ராமாயி கேட்டார்.

"மூடிட்டு மறுபடி வெட்ட வேண்டியதுதான்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஒரு வயதானவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். ராமாயி சிரிக்கவில்லை.

"மூடினாத் தெரியாதுங்களா? புது மண்ணு காட்டிக்குடுத்துடுமே."

"மேல நாலு தக்காளிச் செடி நட்டு வெச்சா யாருக்குக்கா தெரியும்?" என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பேசினால் பதிலுக்கு நம்மை நாலு வாங்கு வாங்குவார்கள். அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் மோரும் வாங்கிக் குடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முருகேசன் வந்தார். காட்டு வழி போகவரப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், வழுக்குப் பாறைகள் அதிகம். செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அருவி அற்புதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் முருகேசன் என்னை அங்கே நிம்மதியாக உட்காரவிடவில்லை. "சீக்கிரம் போவணும்ங்க. ஊருல வேல நடந்துக்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஆளை விரட்டுகிறாரே என்று எனக்கு எரிச்சல். 'வழிகாட்டிகளிடம் நேரத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளவும்' என்று இந்தப் பதிவுக்காக அங்கேயே உட்கார்ந்து ஒரு குறிப்புக்கூட மனதில் எழுதிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஊருக்குத் திரும்பினோம். முருகேசன் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, நேராகச் சரிவில் இறங்கி ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்தார். அங்கே ஊரே நின்றது. கரையாகப் போட்டிருந்த மண்ணை வெட்டி, கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி மூடியாகிவிட்டது. தண்ணீரைக் குடத்தால் இறைத்து வெளியே ஊற்றியிருந்தார்கள். ஒரு பெண் மேல்பக்கத்து மண்ணை மிதித்துச் சமன்படுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வேரோடு மண்ணும் ஒட்டியிருக்க, ஈரத்துணியில் சுற்றிய தக்காளிச் செடிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், நாலு.

அக்கா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன், நிறுத்துங்கள் என்று அந்த நிமிஷமே கத்தியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் ராமாயி நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நாலு செடி போதுங்களா?" என்று கேட்டார்.

"போதும்" என்றேன்.

இதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் ஆனது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானும் பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எப்படியும் முக்கால்வாசி மூடிவிட்டார்கள், நான் சொன்ன விதி ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால் அவர்கள் செய்வது சரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். அத்தனை பேர் முன்னால், சோறு போட்ட வீட்டில், நான் ஒன்றும் தெரியாதவன் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம். அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அவர்கள் மிச்சத்தையும் மூடுவதைப் பார்த்தேன். ஒரு கூடையை வாங்கிக்கொள்ளப் போனேன். "நீங்க ஒக்காருங்க சார், விருந்தாளி" என்று பிடுங்கிக்கொண்டார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது. விடுதித் தகரத்தில் இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அது குட்டை நிறையும் மழை.

திங்கட்கிழமை காலையிலேயே இறங்கிவிடலாம் என்றுதான் பையைக் கட்டினேன். கால் கேட்கவில்லை, ஊருக்குப் போனேன். பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே வந்தார். ஏதாவது கெட்ட அதிகாரியாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பழியைப் போட ஆள் கிடைத்திருக்கும். நல்ல மனிதர்.

மூடிய இடம் மழையில் அரை அடி உள்வாங்கியிருந்தது. தக்காளிச் செடிகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவர் ஒரு குச்சியை எடுத்துக் குத்திப் பார்த்தார். முழுசாக உள்ளே போனது.

"இன்னாம்மா இது? இங்க குழி இருந்துச்சா?"

ராமாயிதான், "இருந்துச்சுங்க. வெட்டி வெச்சிருந்தோம். வெறும் நெலந்தான் போட்டோவுக்கு வேணும்னு மூடிட்டோம்" என்றார்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ. குழி இருந்திருந்தா அத ஆழப்படுத்தற வேலன்னு எழுதியிருப்பேனே. அதுக்குப் பணம் இருக்குது. பாதி வேல மக்களே செஞ்சிருக்காங்கன்னு காட்டினா மேல ஒடனே கையெழுத்து ஆயிருக்கும். நான் அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன். இப்ப இந்தப் புது மண்ணுல கரை நிக்காது. மழை முடிஞ்சு, மண்ணு எறங்கி, வெயில் காலத்துலதான் மறுபடி பாக்கணும்." குச்சியைக் கீழே போட்டார். பிறகு, "யாரும்மா மூடச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ராமாயிக்கு நாலடி தள்ளி. முருகேசன் என்னைப் பார்த்தார். இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நாங்களாத்தான் மூடினோம்ங்க" என்றார் ராமாயி.

"இவரு யாரு?" என்று அதிகாரி என்னைக் காட்டிக் கேட்டார்.

"அருவி பாக்க வந்தவரு. எங்க வூட்டு விருந்தாளி."

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அதிகாரி எனக்கு ஒரு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். அந்த வணக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் போனபின் எல்லோரும் கலைந்தார்கள். முருகேசனின் மனைவி எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். ராமாயி மட்டும் என்கூடப் பைக் நிறுத்தியிருந்த இடம்வரை நடந்து வந்தார். பாதிவழியில், கோபமே இல்லாத குரலில், "ஏன் சார், நீங்க சொன்ன அந்த விதி நெசமாவே இருக்குதுங்களா? அடுத்த தபா ஆபீசுல கேட்டா எப்படிச் சொல்றதுன்னு தெரியணும்ல" என்றார்.

"இல்லக்கா. மூடச் சொன்னது விளையாட்டுக்கு. தமாஷுக்குச் சொன்னேன்."

அவர் நின்றுவிட்டார். "ஓ" என்றார்.

"எங்களுக்குத் தெரியலைங்க. ஆபீசுல சொல்றது எல்லாமே இப்படித்தான இருக்கும்? சரிவ சமதளம்னு எழுதச் சொன்னாங்க, எழுதினோம். மூடிட்டு வெட்டுன்னீங்க, அதும் அதுமாரிதான்னு நெனச்சுட்டோம்." பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: "அப்ப அன்னிக்கு நாங்க சிரிச்சிருக்கணும்ங்களா?"

மன்னிச்சுடுங்கக்கா என்று சொன்னேன். "பாத்துப் போங்க, ரோடு வழுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கீழே வரும்வரை நான் எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது எங்கள் பண்ணைக்குட்டை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது, வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அப்பா வாசலில் நின்று, "மலை எப்படி இருந்துச்சுடா?" என்றார். நல்லா இருந்துச்சு என்றேன்.

மறுநாள் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, மூடச் சொன்னவன் நான்தான், ஊர்க்காரர்கள் இல்லை என்று சொன்னேன். நாலு சுவருக்குள் நின்று, முகம் தெரியாமல் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. வெயில் காலத்தில் அந்த இடத்தை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் இந்த வருஷம் போனது போனதுதான். தை பிறந்தால் முருகேசன் குடும்பம் கேரளா போய்விடும், அந்தப் பெண்ணும் பள்ளியை விட்டுப் போவாள்.

போகிறவர்களுக்கு: புரட்டாசி, ஐப்பசியில் அருவிகள் நன்றாக இருக்கும். பைக்கில் போனால் பெட்ரோல் அறுநூறு, தங்க இரண்டு இரவுக்கு ஆயிரத்து நானூறு, சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது போதும். பைக் இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பேருந்தைப் பிடிக்கலாம், திரும்பி வரும் நேரத்தை நடத்துனரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் வரும், போகும். காட்டுக்குள் போக ஊர்க்காரர் துணை வேண்டும். கேட்கிற கூலியைக் கொடுங்கள். அவர் அவசரப்பட்டால் என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அருவியில் அதைக் கேட்டிருந்தால் பாதிக் குட்டையாவது மிஞ்சியிருக்கும்.

இன்னும் ஒன்று. மலையில் உங்களிடம் ஏதாவது அலுவலக விஷயம் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தமாஷ் வேண்டாம். நீங்கள் சொல்லிவிட்டு அருவிக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் கூடையை எடுத்துவிடுவார்கள்.